ஏழாம் எண் மனையும் குனுகுப் பூவும்

2025 செப்டம்பர் 20, சனிக்கிழமை. முப்பத்து நான்கு ஆண்டுகள் பிறர் செய்த வேலையை நிராகரித்துச் சம்பளம் வாங்கிய ஜகதீசன், அன்று காலை ஏழு மணிக்குத் தன் தோட்டத்தைத் தேடிக்கொண்டிருந்தார். தோட்டம் அதே இடத்தில்தான் இருந்தது. அதன்மேல் ஒரு காடு நின்றுகொண்டிருந்தது.

செகந்திராபாதை அடுத்த குஷாய்குடாப் பக்கத்து அரசு மின்னணுத் தொழிற்சாலையில் அவர் தர ஆய்வாளர். சர்க்யூட் போர்டுகள் அவர் மேஜைக்கு வரும். லென்ஸ் வைத்துப் பார்ப்பார். சரியென்றால் பச்சை முத்திரை, இல்லையென்றால் சிவப்பு. சிவப்பு மைதான் சீக்கிரம் தீரும் என்பது ஸ்டோர்ஸில் எல்லோருக்கும் தெரியும். கல்பகம் அதே தொழிற்சாலையில் ஒயரிங் பிரிவு. 1987-இல் கல்பகம் சால்டரிங் செய்த ஒரு போர்டை ஜகதீசன் மூன்று முறை திருப்பி அனுப்பினார். நான்காம் முறை கல்பகமே நேரில் வந்து லென்ஸைப் பிடுங்கி, "எது சரியில்லன்னு எனக்குக் காட்டுங்க" என்றார். மறுவருஷம் கல்யாணம்.

"அதுக்கப்புறம் இவர் எதையும் ரிஜெக்ட் பண்ணல. என் சமையல், என் தம்பி, என் டிவி சீரியல், இது மூணைத் தவிர" என்று கல்பகம் விருந்தாளிகளிடம் சொல்வதுண்டு.

ஓய்வு பெற்றபின் ஜகதீசன் வீட்டில் நிராகரிக்க எதுவும் பாக்கி இல்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தபோது தோட்டம் வந்தது. ஊழியர்கள் குடியிருக்கும் காலனிக்குப் பின்னால் உயரழுத்த மின்கம்பிகள் போகின்றன. அவற்றின் கீழே வீடு கட்ட முடியாது. ஓய்வு பெற்றோர் சங்கம் அந்த நிலத்தைச் சின்னச் சின்ன மனைகளாகப் பிரித்து, குலுக்கல் போட்டு, காய்கறி பயிரிடக் கொடுத்தது. ஜகதீசனுக்கு ஏழாம் எண். ஒரு லாரியை நிறுத்தலாம், திருப்ப முடியாது, அவ்வளவு இடம்.

அங்கே அவர் கத்தரி நட்டார். முதல் காய் வந்த அன்று அதைச் செடியிலேயே விட்டு, பழைய வெர்னியர் அளவுகோலால் அளந்து, வீட்டுக்கு வந்து அளவைச் சொன்னார். கல்பகம் சிரித்தார். ஜகதீசன் சிரிக்கவில்லை. வாழ்க்கை முழுவதும் பிறர் செய்ததைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் அவர். அவர் கையால் உண்டான முதல் பொருள் அந்தக் கத்தரிக்காய். மகள் சாருலதாவைக் கணக்கில் சேர்க்கலாமே என்று மைத்துனர் ஒருமுறை சொன்னதற்கு, "அதுல எனக்கு மேஜர் ரோல் இல்ல" என்றார்.

அதோடு நின்றிருந்தால் நல்ல கதை. ஆனால் அவர் தோட்டக் கமிட்டியில் சேர்ந்தார். சேர்ந்த மாதமே ஒரு விதி எழுதினார்: களை முழங்காலுக்கு மேல் வளர்ந்தாலோ, நட்ட பயிர் இல்லாமல் ஒரு பருவம் கிடந்தாலோ, மனை அடுத்து காத்திருப்பவருக்குப் போய்விடும். முழங்கால் என்றால் யார் முழங்கால் என்று சண்டை வரக்கூடாது என்பதற்காக ஒரு பிவிசி குழாயில் சிவப்புக் கோடு போட்டு, அதையே அளவுகோல் ஆக்கினார். அந்தக் குழாயைத் தூக்கிக்கொண்டு போய் நான்கு பேருடைய மனைகளைப் பிடுங்கினார். நாலாவது ஆள் ஆரோக்கியசாமி. ஸ்டோர்ஸில் இருந்தவர், தாத்தா காலத்திலேயே செகந்திராபாதுக்கு வந்துவிட்ட குடும்பம். அவர் மனையில் ஒரு பப்பாளி மரம் தானாக முளைத்து, காய்த்துக் குலுங்கிக்கொண்டிருந்தது. வேறு எதுவும் இல்லை.

"இது நட்ட பயிர் இல்ல. காக்கா போட்டது" என்றார் ஜகதீசன்.

"காக்கா போட்டா என்ன சார், பழம் இனிக்குதே" என்றார் ஆரோக்கியசாமி.

"நட்டது யாரு?"

ஆரோக்கியசாமியால் காக்காவைச் சாட்சிக்கு அழைக்க முடியவில்லை.

ஒரு விஷயம் ஜகதீசன் கவனிக்காமல் விட்டார். கல்பகமும் ஓய்வு பெற்ற ஊழியர்தான். தன் பெயரில் ஒரு மனை வேண்டும் என்று அவரும் எழுதிக் கொடுத்திருந்தார். "ஒரு வீட்டுக்கு ஒண்ணு போதாதா" என்று ஜகதீசன் எதிர்த்துப் பார்த்தார், செல்லவில்லை. கல்பகத்துக்கு முன்னால் நான்கு பேர் காத்திருந்தார்கள். ஜகதீசன் பிடுங்கிய நான்கு மனைகளும் அந்த நான்கு பேருக்குப் போயின. இப்படியாக, குழாயும் கையுமாக அலைந்து, தன் மனைவியைக் காத்திருப்போர் வரிசையில் முதலிடத்துக்குக் கொண்டுவந்தவர் ஜகதீசனேதான். கல்பகத்துக்கு அடுத்தபடி, மனை போன கையோடு மறுபடியும் எழுதிக் கொடுத்த ஆரோக்கியசாமி.

மே மாதம் ஜகதீசனுக்கு வலது முழங்கால் மாற்று அறுவை நடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் அவர் வீட்டில் ஒரு கட்டளை போட்டார்: நான் வரும்வரை தோட்டத்தை யாரும் தொடக்கூடாது. கல்பகம் தொட்டால் தன் வழியில் நடுவார் என்ற பயம். யாரும் தொடவில்லை. அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. கமிட்டியிலிருந்து ஜகதீசன் விலகியிருந்த இடைவெளியில் ஆரோக்கியசாமி செயலாளர் ஆனார். செப்டம்பர் 21, ஞாயிறு காலை பத்து மணிக்கு எல்லா மனைகளையும் பார்வையிடப்போவதாக அறிவிப்பு வந்தது. பிவிசி குழாய் இப்போது அவரிடம் இருந்தது.

களை எடுத்த வெறும் மண்ணை நடவுக்குத் தயார் என்று எழுதிக்கொள்வது கமிட்டி வழக்கம். இதனால்தான் சனிக்கிழமை காலை குடும்பமே மின்கம்பிக்குக் கீழே நின்றது.

லாலாகுடாவிலிருந்து கல்பகத்தின் தம்பி சந்திரமோகன் வந்திருந்தார். ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தோளில் தொங்கவிட்டுப் புல் வெட்டும் பெட்ரோல் மெஷின் ஒன்றை யாரிடமோ கேட்டு வாங்கி வந்திருந்தார். அது ஸ்டார்ட் ஆகவில்லை. அவருக்கு அதில் சந்தோஷம்தான். செய்தித்தாளை விரித்து, மெஷினைப் பாகம் பாகமாகக் கழற்றி வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"சந்திரா, வெட்ட வந்தியா, ஓவர்ஹாலுக்கு வந்தியா?"

"மாமா, இது ஓடிச்சுன்னா அஞ்சு நிமிஷ வேலை. அதுவரைக்கும் நீங்க கையால ஆரம்பிங்க."

சாருலதா திங்களன்று தொடங்கும் நவராத்திரிக்குக் கொலு வைக்க உதவுவதாகத்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தார். பொம்மைப் பெட்டி என்று நினைத்து வந்தவர் கையில் அரிவாளைக் கொடுத்தார்கள். ஆபீஸ் அழைப்பு வேறு வந்துகொண்டே இருந்தது. அவர் கணவர் சாய்கிருஷ்ணா, குண்டூர்க்காரர், கையுறை, தொப்பி, முகத்தில் வெள்ளையாகக் கிரீம் என்று விண்வெளிக்குப் போகிறவர்போல வந்திருந்தார். ஆனால் வேலை செய்தார்.

முன்பாதி முழுக்கப் பார்த்தீனியம். இந்த ஊரில் அதற்கு வய்யாரி பாமா என்று பெயர். தொட்டால் அரிக்கும், முகர்ந்தால் மூச்சு இரைக்கும் ஒரு களைக்கு நாட்டியக்காரிக்கு வைப்பதுபோலப் பெயர் வைத்திருக்கிறார்கள். கல்பகம் புடவைத் தலைப்பை மூக்கில் சுற்றிக்கொண்டு, இடது ஓரத்திலிருந்து ஒரே சீராக அறுத்துக்கொண்டே போனார். ஜகதீசன் பிளாஸ்டிக் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து ஆய்வு செய்தார்.

"சாரு, உன் பின்னால ஒண்ணு விட்டுப்போச்சு."

"அப்பா, இது ஃபேக்டரி இல்ல."

"மாப்பிள்ளை, வேரோட வரணும்."

"வஸ்துந்தி மாமய்யா, வஸ்துந்தி" என்றார் சாய்கிருஷ்ணா. வரும் என்றுதான் சொன்னார், வேர் வரவில்லை. அவர்தான் பின்பக்கமாக வந்து விழுந்தார்.

கல்பகம் நிமிராமலே கேட்டார். "ஏங்க, நான் ஒண்ணு கேக்கறேன். இது போச்சுன்னா எனக்குத்தான வரப்போகுது. நான் எதுக்கு இடுப்பு ஒடிய அறுக்கணும்?"

"அதத்தான் நானும் காலையிலேர்ந்து யோசிக்கறேன். நீ ரொம்ப நல்லா அறுக்கற. சந்தேகமா இருக்கு."

"ரிஜெக்ட் பண்ணுங்க."

பதினோரு மணிக்கு முன்பாதி வெட்டவெளி ஆனது. வெட்டியதெல்லாம் சாலை ஓரத்தில் குவியலாகக் கிடந்தது. பின்பக்கம் மட்டும் பாக்கி. அங்கே வேறு ஏதோ செடி, இடுப்பளவு, நுனியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக அணில்வால்போலப் பூத்து அடர்ந்து நின்றது. அதன் ஓரத்தில் மஞ்சளாக ஆவாரை. சாருலதா செல்போனைச் செடிக்கு நேராகக் காட்டி, ஏதோ லத்தீன் பெயரைப் படித்தார். அதனால் யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இல்லை.

அப்போது மெஷின் ஸ்டார்ட் ஆனது. சந்திரமோகன் முகத்தில், என்ஜினைப் பிளாட்பாரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்திய களை. தோளில் மாட்டிக்கொண்டு முன்னேறினார். முதல் வீச்சில் ஒரு கட்டிலளவு பூ தலைசாய்ந்தது.

"ஆகண்டி, ஆகண்டி" என்று தெலுங்கில் நிறுத்தச் சொல்லும் சத்தம் கேட்டது. சாலையிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் கூடைகளோடு ஓடிவந்தார்கள். முன்னால் வந்தவர் ஸ்ரீலேகா. காலனிக்கு அந்தப் பக்கத்துத் தெரு, பள்ளி ஆசிரியை. ஆசிரியைக் குரல் என்பதால் மெஷினே அடங்கியது.

அந்தப் பெண்கள் தரையில் கிடந்த பூக்களைப் பார்த்தார்கள். பிறகு குப்பைக் குவியலில் ஏற்கெனவே மிதிபட்டுக் கிடந்த கொஞ்சத்தைப் பார்த்தார்கள். சாமி படத்தைச் சாக்கடையில் கண்டவர்கள்போல இருந்தது அவர்கள் பார்வை.

"அங்கிள், இது குனுகு" என்றார் ஸ்ரீலேகா.

அந்தப் பெயர் அங்கே யாருக்கும் எதையும் சொல்லவில்லை. எல்லோரும் சாய்கிருஷ்ணாவைப் பார்த்தார்கள். வீட்டில் தெலுங்கு சம்பந்தமான எதற்கும் அவர்தான் பொறுப்பு.

"அத்தய்யா, நாங்க குண்டூர். எங்க பக்கம் பதுகம்மா இல்ல. நானும் ரீல்ஸ்லதான் பாத்திருக்கேன்."

ஸ்ரீலேகா பொறுமையாக விளக்கினார். மறுநாள் அமாவாசையன்று பதுகம்மா தொடங்குகிறது. தாம்பாளத்தில் குனுகையும் ஆவாரம்பூவையும் கோபுரம்போல அடுக்கி, நடுவில் வைத்து, பெண்கள் சுற்றிவந்து கைதட்டிப் பாடுவார்கள். ஒன்பது நாள். கடைசி நாள், சத்துல பதுகம்மா, அன்றைக்குத்தான் கோபுரம் உயரம், பூவும் நிறைய வேண்டும். முன்பெல்லாம் காலி மனை எங்கும் குனுகு முளைக்கும். இப்போது காலி மனை எல்லாம் அபார்ட்மெண்ட். போன வருஷம் பறித்த இடத்தில் கல்யாண மண்டபம் வந்துவிட்டது. ஆகஸ்டில் யாரோ ஏழாம் எண் மனையைப் படம் எடுத்து வாட்ஸ்ஆப்பில் போட்டார்கள். அன்றிலிருந்து தெருவே இதைக் காவல் காத்து வருகிறது.

"உங்க முட்டி குணமாகணும்னு நாங்கெல்லாம் வேண்டிக்கிட்டோம் அங்கிள்" என்றார் ஸ்ரீலேகா தெலுங்கில். "ஆனா பண்டிகைக்கு அப்புறமா."

ஜகதீசன் இந்த ஊருக்கு வந்து நாற்பது வருஷம். ஒவ்வொரு வருஷமும் பால்கனியில் நின்று பதுகம்மா பார்த்திருக்கிறார். பாட்டுச் சத்தம் அதிகம் என்று ஒருமுறை புகாரும் கொடுத்திருக்கிறார். அந்தப் பூவெல்லாம் எங்கே முளைக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. மார்க்கெட்டில் முளைக்கிறது என்று நினைத்திருந்தார். கொலுவுக்குக் கடலை ஊறப்போடும் இந்தக் குடும்பத்தில் வேறு யாருக்கும்கூடத் தெரியவில்லை.

அறுந்த பூவை எடுத்துக்கொள்கிறோம், நிற்பதை ஒன்பது நாளைக்கு விட்டுவையுங்கள், தேவைப்படுவதை அன்றன்றைக்கு நாங்களே அறுத்துக்கொள்கிறோம் என்றார்கள் பெண்கள்.

ஜகதீசன் வாயைத் திறப்பதற்குள் கல்பகம், "சரேனம்மா, தீஸ்கோண்டி" என்று எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்.

பெண்கள் குவியலைப் பிரித்து, நசுங்காத பூவாகப் பொறுக்கிக் கூடையை நிரப்பிக்கொண்டு போனார்கள். ஜகதீசன் நாற்காலியைக் கல்பகத்துக்கு நேராகத் திருப்பினார்.

"நாளைக்கு ஆரோக்கியசாமி வர்றார்."

"தெரியும்."

"அது முழங்காலுக்கு மேல நிக்குது."

"தெரியும்."

"அடுத்த பேரு யாருன்னும் தெரியும்."

"இத்தனை வருஷமா இந்த ஊர்ல இருக்கோம். முதல் தடவையா பண்டிகைக்கு நம்மகிட்ட வந்து ஒண்ணு கேட்டிருக்காங்க. நான் இல்லன்னு சொல்லணுமா?"

"அடுத்தவன் கம்பெனியை வளைச்சுப் போடறத ஹோஸ்டைல் டேக்ஓவர்னு ஆபீஸ்ல சொல்லுவோம்" என்றார் சாருலதா. "இவ்ளோ டீசன்டா பண்ணி நான் பாத்ததில்ல."

சந்திரமோகன் மெஷினைத் துடைத்துக்கொண்டே ஒரு யோசனை சொன்னார். "மாமா, காலையில ஆறு மணிக்கு வந்து ஒரு இழு இழுத்துட்டா முடிஞ்சுது. பத்து மணிக்கு மொட்டையா இருக்கும். அப்புறம் யாரு கேக்கப்போறா."

"நீ வாயை மூடு" என்றார் கல்பகம். "அந்த மெஷினைத் திருப்பிக் குடுத்துட்டு வா."

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஜகதீசன் அங்கே போகத்தான் செய்தார். கையில் அரிவாள். மகாளய அமாவாசை, எட்டு மணிக்குத் தர்ப்பணம். அதற்குள் முடித்துவிடலாம் என்பது திட்டம். குனுகு பனியில் நனைந்து நிமிர்ந்து நின்றது. அறுத்தால் மனை மிஞ்சும். அக்டோபரில் கத்தரி நடலாம். அது அவருடைய கத்தரியாக இருக்கும். அறுக்காவிட்டால், கல்பகம் நடுவதை வேடிக்கை பார்க்க வேண்டும். ஒரு கைப்பிடி பூவைச் சேர்த்துப் பிடித்து, அரிவாளை அடியில் வைத்தார்.

பிறகு எடுத்துவிட்டார். மனம் இளகியதால் அல்ல. டெலிவரி தருவதாக ஒப்புக்கொண்ட சரக்கை ஸ்கிராப் செய்யக்கூடாது; தொழிற்சாலையில் அப்படிச் செய்த இரண்டு பேர்மீது அவரே ரிப்போர்ட் எழுதியிருக்கிறார். ஒப்புக்கொண்டது அவர் இல்லை, கல்பகம்தான். ஆனால் வாடிக்கையாளருக்கு அதெல்லாம் எதற்கு?

"குட் மார்னிங் அங்கிள்" என்று பின்னாலிருந்து ஸ்ரீலேகாவின் குரல் வந்தது. "அரிவாளோட வந்துட்டீங்களே, நல்லதாப் போச்சு." அரிவாளை வாங்கிக்கொண்டு, கூடையை அவர் கையில் கொடுத்தார். ஜகதீசன் தர்ப்பணத்துக்கு நேரமாகும்வரை கூடை பிடித்தார்.

பத்து மணிக்கு ஆரோக்கியசாமி காலைப் பூசை முடித்து, வெள்ளைச் சட்டையில், பிவிசி குழாயோடு வந்தார். ஆறு மனைகளை ஒரு நோட்டம் விட்டுக் கடந்தார். ஏழாவதில் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். பின்பக்கம் போய்க் குழாயை நட்டார். சிவப்புக் கோடு பூவுக்குள் மறைந்தது. குடும்பம் மொத்தமும் வரப்பில் நின்றது.

"ஜகதீசன் சார், இது என்ன?"

"குனுகு."

"காலையில பொம்பளைங்க கூடை கூடையா எடுத்துட்டுப் போறதப் பாத்தேன். அப்ப இது பயிர்தானே?"

ஆரோக்கியசாமி குரலைத் தாழ்த்தினார்.

"சார், நான் சண்டைக்கு வரல. பயிர்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எழுதிட்டுப் போயிடறேன். பிளாட் உங்களுக்கே இருக்கட்டும். ஆனா அப்ப என் பப்பாளியும் பயிர்தான்னு ஆயிடும். மீட்டிங்ல நீங்களே எழுந்து சொல்லணும். அவ்ளோதான் நான் கேக்கறது."

ஜகதீசன் குனிந்து ஒரு செடியின் அடியைப் பார்த்தார். கையில் லென்ஸ் இருந்திருந்தால் லென்ஸிலும் பார்த்திருப்பார். சாருலதாவின் போன் அடித்தது. அவர் அதை அணைத்தார்.

"நட்டது யாருன்னு கேளுங்க" என்றார் ஜகதீசன்.

"என்ன சார்?"

"விதியில அதான் இருக்கு. கேளுங்க."

"நட்டது யாரு?"

"யாரும் நடல. காத்துல வந்தது. முழங்காலுக்கு மேல இருக்கு. ஒரு பருவம் பயிர் இல்ல. ரெண்டு பாயிண்ட்லயும் ஃபெயில். நிராகரிக்கலாம்."

ஆரோக்கியசாமிக்கு வருத்தமே வந்துவிட்டது. எட்டு மாதமாகக் காத்திருந்த பழி, இப்படிக் கையில் கொண்டுவந்து கொடுத்தால் ருசிக்காது. ஊர் உருது தானாக வந்தது: "கைக்கு சார், எதுக்கு இவ்ளோ பிடிவாதம்? நக்கோ, வேணாம். நான் வேணா ஒரு மாசம் டைம் போட்டுத் தரேன்."

"உங்களுக்கு நான் டைம் குடுத்தேனா?"

"இல்ல."

"அப்புறம்?"

ஆரோக்கியசாமி குழாயைப் பிடுங்கினார். அதில் இரண்டு குனுகு வேரோடு வந்தது. கல்பகத்தின் பக்கம் திரும்பி, "மேடம், அடுத்தது நீங்க. சம்மதம்தானே?" என்றார்.

"ஹவ்" என்றார் கல்பகம். லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். முக்கியமான சமயத்தில் ஆமாம் என்பதற்கும் அந்த ஊர் உருதுதான் வரும்.

திரும்பி வரும்போது ஜகதீசன் முன்னால் தனியாக நடந்தார். கால் லேசாக இழுத்தது. கல்பகம் எட்டிப் பிடித்தார்.

"பொய் சொல்லியிருக்கலாம்ல. நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

"தெரியும்."

"அந்தக் காலத்துல என் போர்டை மூணு தடவை திருப்பினீங்களே, அதுவாவது நெசமா?"

"மூணாவது தடவை சரியாத்தான் இருந்தது."

கல்பகம் நின்றார். ஜகதீசன் நிற்கவில்லை, புதிய முழங்காலுக்கு இறக்கத்தில் நிற்பது கஷ்டம். கல்பகம் மறுபடியும் எட்டிப் பிடித்தபோது ஜகதீசன் கேட்டார், "கத்தரி போடுவியா?"

"பாக்கறேன். வெண்டைக்கு இடம் போக மிச்சம் இருந்தா."

அன்று மாலை அவர்கள் தெருமுனையில் பதுகம்மா நடந்தது. கல்பகமும் சாருலதாவும் கீழே போனார்கள். சாய்கிருஷ்ணா வீடியோ எடுத்தார். ஜகதீசன் பால்கனியிலிருந்து பார்த்து, கோபுரம் இடதுபக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது என்றார். கேட்க யாரும் இல்லை.

இப்போது காத்திருப்போர் வரிசையில் ஆரோக்கியசாமி முதலாவது, ஜகதீசன் கடைசி. சத்துல பதுகம்மாவுக்கு மறுநாள் காலை ஏழாம் எண் மனைக்கு வந்து, மீதிக் குனுகை வேரோடு எடுத்து, மண்ணைக் கொத்திவைக்கும்படி அவருக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. கல்பகம் வந்து பார்ப்பார்.